பயங்கரவாதத்துக்குக் காரணம் வறுமையும் கல்வியின்மையுமா? எங்கள் மாலை வகுப்புக்கு வந்த ஒரு படிவம்

பொகவந்தலாவை மாலைவகுப்பு | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் வந்து வாசித்துவிட்டுப் போவதோடு சரி, நான் எழுதியது குறைவு. இப்போது ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை தேவைப்படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் மூன்று வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறோம். மூடிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்) துப்புரவாக்கி வகுப்பறை ஆக்கினோம். தரம் 6 முதல் சாதாரண தரம் வரை 34 பிள்ளைகள். தமிழ், வரலாறு, ஆங்கிலம் எல்லாம் நாங்களே சமாளிக்கிறோம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் இல்லை. ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியர் வரத் தயார். வாரம் இரண்டு தடவை வந்து போக அவருக்குச் செலவாவது கொடுக்க வேண்டும் அல்லவா. பெற்றோரிடம் கேட்க மனம் வரவில்லை. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிற இடத்தில் யாரிடம் போய் டியூஷன் காசு கேட்பது?

கொழும்பில் ஒரு நிறுவனம் இப்படியான வேலைகளுக்கு உதவி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் படிவம் எடுத்தோம். முதல் மூன்று கேள்விகளில் பிரச்சினை இல்லை. நான்காவது இது: உங்கள் பகுதி இளைஞர்கள் வன்முறைத் தீவிரவாதத்தின் பக்கம் இழுபடக் காரணங்கள் எவை, உங்கள் திட்டம் அதை எப்படித் தடுக்கும்?

குழுவில் ஒரு தம்பி பதில் எழுதித் தந்தான். "வறுமையும் கல்வியின்மையும் பயங்கரவாதத்தின் வேர்கள். தோட்டப்புற இளைஞர்கள் இரண்டாலும் பாதிக்கப்பட்டவர்கள், ஆகவே எளிதில் வழிதவறக்கூடியவர்கள். எங்கள் வகுப்பு அதைத் தடுக்கும்."

கையெழுத்துப் போட வேண்டியவன் நான். இரண்டு நாளாகப் போட முடியவில்லை. என் அம்மா 32 வருடம் கொழுந்து எடுத்தவர், மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்த வரிகளை வாசிக்கும்போதெல்லாம் அவருடைய முகம்தான் வருகிறது.

இரண்டு கேள்வி. அது உண்மையா? உண்மை இல்லை என்றால், 34 பிள்ளைகளுக்காக எழுதிக் கொடுப்பது தப்பா?


ஊவாக் காற்று | ஞாயிறு இரவு 10.15

எழுதிக் கொடுங்கள் தம்பி. நான் பதினாறு வருடம் சமூக வேலைகளில் இருக்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு இந்த வரி இல்லாமல் காசு வருவது கஷ்டமாகிவிட்டது. அதற்கு முன்பு சமாதானம் என்று எழுதினோம், சுனாமிக் காலத்தில் அனர்த்த முகாமைத்துவம் என்று எழுதினோம். வகுப்பு ஒன்றுதான், பெயர் மாறும். அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிற பிள்ளை உங்கள் மனச்சாட்சிக்காகக் காத்திருக்குமா?

அதோடு, முழுப் பொய்யும் இல்லையே. வயிறு காய்ந்து, படிப்பும் இல்லாமல் இருக்கிற பையனைத்தானே யாரும் இலகுவாக இழுக்கலாம்.


பேராதனைப் பொருளியல் | திங்கள் காலை 7.05

"இலகுவாக இழுக்கலாம்" என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் எண்களை எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைத்தது.

2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, வறுமையை ஒழித்தால் பயங்கரவாதம் ஒழியும் என்று பல நாட்டுத் தலைவர்கள் பேசினார்கள். அலன் குரூகர், யிட்கா மலெச்கோவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். லெபனானில் இறந்த ஹிஸ்புல்லா போராளிகள் 129 பேரின் விபரங்களை அந்த நாட்டுப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் போராளிகளில் 28 சதவீதம், பொதுமக்களில் 33 சதவீதம். இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ படித்தவர்கள் போராளிகளில் 47 சதவீதம், பொதுமக்களில் 38. கிளோட் பெரெபி என்பவர் பலஸ்தீனத் தற்கொலைக் குண்டுதாரிகளைப் பற்றிப் பார்த்தபோதும் அவர்கள் சராசரி மக்களைவிடக் கூடப் படித்தவர்களாகவும் வறுமை குறைந்தவர்களாகவும்தான் இருந்தார்கள். செப்டெம்பர் 11இல் முதல் விமானத்தை மோதிய முகமது அத்தா கெய்ரோவில் கட்டடக்கலை படித்து, ஜெர்மனி போய் நகரத் திட்டமிடல் படித்தவர்.

நம் நாட்டுக் கணக்கும் சொல்கிறேன். 2006/07 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில், வட மாகாணம் சேராமல், நாட்டின் வறுமை 15.2 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம், இரண்டு மடங்குக்கு மேல். யுத்தம் திரும்பவும் மூண்டு எரிந்த காலம் அது. வறுமைதான் வேர் என்றால் அந்த வருடம் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டம் எப்படி இருந்திருக்க வேண்டும்?


பதுளை ஓய்வு ஆசிரியர் | திங்கள் மாலை 4.30

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் இப்போது வரவில்லை. முதலாவது கேள்விக்கு என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

1971 ஏப்ரலில் எனக்குப் பதினான்கு வயது. பசறைப் பக்கத்தில் தோட்டத்தில் இருந்தோம். ஏப்ரல் 5ஆம் திகதி விடியற்காலை வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத் தாக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நாடு முழுக்க அன்று இரவுதான் தாக்குவதாகத் திட்டமாம், வெல்லவாயவில் மட்டும் முந்திவிட்டார்கள். ஆயுதக் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) ஆட்களைச் சேகுவேரா காரர் என்று அப்போது சொல்வோம். பேர் கேட்டாலே பயம். ஊரடங்குச் சட்டம், அரிசி லொறி வரவில்லை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு இருந்தோம்.

அந்தப் பொடியன்கள் யார்? நாட்டுப்பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் படித்த பிள்ளைகள். அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்ததே, அதன் பலனாகப் பள்ளிக்கூடம் போன தலைமுறை. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சந்தேக நபர்களின் விபரங்களை எடுத்து ஆராய்ந்து 1974இல் எழுதினார். கிராமத்தில் பிறந்து, சிங்கள மொழியில் படித்த இளைஞர்கள்தான் மிகப் பெரும்பாலோர். அதே 1971இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழு ஒன்று டட்லி சீயர்ஸ் தலைமையில் இங்கே வந்தது. படித்த பிள்ளை எதிர்பார்க்கிற வேலைக்கும் நாட்டில் இருக்கிற வேலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். தலைவர் ரோகண விஜேவீரவோ மொஸ்கோவில் மருத்துவம் படிக்கப் போனவர்.

இன்னொன்று. அவர்கள் ஆள் சேர்த்த முறை என்ன தெரியுமா? வகுப்பு. ஐந்து வகுப்பு நடத்துவார்கள். அதில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அதில் நாம்தான், கொழுந்து எடுக்கிற நம் தாய்மார்தான், இந்தியா இந்த மலையில் நட்டு வைத்த ஆட்கள். வகுப்பு என்று ஒன்று நடந்தால் போதாது, அதில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதை நான் ஆசிரியனாவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன்.

வடக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணம் இந்த நாட்டிலேயே படிப்புக்குப் பேர் போன இடம். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மாணவன் 250 புள்ளி எடுக்க வேண்டும், சிங்கள மாணவனுக்கு 227 போதும். நன்றாகப் படித்து, வாசல் வரை போய், கதவு சாத்தப்பட்டவன் அங்கே நின்றான். இங்கே நம் பிள்ளைகளில் உயர்தரம் வரை போனவர்களையே அப்போது விரல்விட்டு எண்ணலாம். நம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 70களில்தான்.


கிளிநொச்சிப் புசல்லாவைக்காரி | திங்கள் இரவு 11.20

நான் பிறந்தது கிளிநொச்சியில். ஆனால் வீட்டில் "நம்ம ஊர்" என்றால் இன்றைக்கும் புசல்லாவைதான். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் எங்கள் லயத்துக்குத் தீ வைத்தார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, இரண்டு சித்தப்பா எல்லாரும் கட்டின துணியோடு லொறி ஏறி வடக்கே வந்தவர்கள். தமிழர் இருக்கிற இடத்தில் பயமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தார்களாம். காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். இங்கேயும் சிலர் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்டதை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. எல்லாரும் அப்படி இல்லை. பக்கத்துக் காணிக்கார அம்மாதான் என் பாட்டிக்குப் பிரசவம் பார்த்தவர். அதையும் சொல்ல வேண்டும்.

மேலே எழுதியவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். இயக்கங்களைத் தொடங்கினவர்கள் படித்தவர்கள். ஆனால் கடைசியில் சுமந்தது யார் என்றும் பாருங்கள். 2006க்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் வந்து கேட்டார்கள். வெளிநாட்டில் ஆள் இருந்தவர்கள் பிள்ளையை முதலிலேயே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். காசு இருந்தவர்கள் வெளியேற பாஸ் எடுக்க வழி தேடினார்கள். சிலர் பதினேழு வயதில் கல்யாணம் கட்டி வைத்தார்கள். எங்களுக்கு எந்த வழியும் இல்லை. புசல்லாவையில் யார் இருக்கிறார்கள், அங்கே போனால் எங்கே தங்குவது?

அண்ணன் உயர்தரம் எழுத இருந்தவன். இரட்டைக் கணிதம். 2008இல் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவனுடைய விபரத்தை எடுத்தால் ஏழைக் குடும்பம், குடிசை வீடு, அப்பா கூலி என்று இருக்கும். வறுமையால் போனான் என்று எழுதிவிடலாம். அவன் போகவில்லை, கொண்டுபோனார்கள். ஏழையாக இருந்ததால் அவனை ஒளித்து வைக்க எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.


பேராதனைப் பொருளியல் | செவ்வாய் காலை 6.50

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். நான் நேற்று எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அதில்தான் தெரிந்தது.

உள்நாட்டுப் போர் என்று எடுத்தால் ஏழை நாடுகளில்தான் அது அதிகம் மூள்கிறது, அதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. குண்டைக் கட்டிக்கொண்டு போகிற தனி ஆளின் பின்னணி வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. சாதாரணச் சிப்பாய்களாக நிரப்பப்படுகிறவர்கள் எந்தப் பக்கத்திலும் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான். அரசாங்க இராணுவத்துக்கு வந்ததும் அநுராதபுரத்து, மொனராகலைக் கிராமத்துப் பையன்கள்.

ஈதன் புவேனோ த மெஸ்கிட்டா என்ற அரசியல் ஆய்வாளர் 2005இல் சொன்னதும் இங்கே முக்கியம். தாக்குதல் நடத்தினவர்களை மட்டும் எண்ணினால் போதாது, அவர்களைத் தெரிவு செய்தவன் ஒருவன் இருக்கிறான். வேலை இல்லாத காலத்தில் ஆடைத் தொழிற்சாலை வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள், உள்ளே எடுப்பது பத்துப் பேரை. அந்தப் பத்துப் பேரும் உயர்தரம் படித்தவர்கள் என்பதால், வாசலில் நின்ற மற்றவர்கள் யாரும் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. படித்தவனை, பயணம் போகத் தெரிந்தவனை, சந்தேகம் வராமல் ஹோட்டலுக்குள் நுழையக்கூடியவனை அமைப்புத் தேடிப் பிடிக்கிறது. ஆகவே வறுமைக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுக்க வேண்டாம். வேர் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.


கம்பளை மிளகுக்கடை | செவ்வாய் பகல் 1.10

எல்லாருக்கும் என் ஸலாமும் வணக்கமும். ஹோட்டல் என்று தம்பி எழுதினதைக் கண்டதும் நானும் எழுதலாம் என்று வந்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர் போனது. செய்தவர்கள் எங்கள் பெயரைத் தாங்கினவர்கள். அதில் இரண்டு பேர் கொழும்பில் கோடீஸ்வர வாசனைத் திரவிய வியாபாரியின் மகன்மார், கூடப் பிறந்த சகோதரர்கள். நானும் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிறவன். அந்தக் குடும்பத்துக்கு என்ன குறை இருந்தது என்று அந்தக் கிழமை முழுக்கத் தூக்கம் இல்லாமல் யோசித்தேன். இன்னொருவர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். தலைவன் சஹ்ரான் மட்டும் காத்தான்குடியில் வசதி குறைந்த வீட்டில் பிறந்தவன், மதரஸாவில் படிப்பை முடிக்கும் முன்பே நீக்கப்பட்டவன். பேச்சு அவனுடையது, பணம் இவர்களுடையது. அப்போ ஏழையா பணக்காரனா, படித்தவனா படிக்காதவனா என்ற கேள்விக்கு என்ன பதில்? எனக்கு விளங்கின மட்டும், அவர்கள் எல்லாரையும் சேர்த்து வைத்தது சட்டைப் பையில் இருந்த காசும் இல்லை, சான்றிதழும் இல்லை. தன்னைத் தவிர மற்றவன் எல்லாம் அழிக்கப்பட வேண்டியவன் என்ற போதனை.

அந்தப் போதனையை முதலில் எதிர்த்தது அவனுடைய ஊரார். 2017இல் காத்தான்குடியில் மோதல் வந்த பிறகு முஸ்லிம்களே அவனுக்கு எதிராக முறையிட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில், கண்டிப் பக்கத்துத் திகனையில் எங்கள் மச்சானின் கடையை எரித்தார்கள். அவசரகாலச் சட்டம் போட்டார்கள். எரிந்த கடையின் முன்னால் அவருடைய பெரிய மகன் நின்ற நிற்பு எனக்கு ஞாபகம். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பையன். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் வந்து நின்றாரோ அவருடைய சொல்தான் அவனுக்குள் போயிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், வந்து நின்றது பக்கத்துச் சிங்களக் கடைக்காரரும் பன்சலை ஹாமதுருவும் (புத்த பிக்கு). இன்றைக்கு அவன் கண்டியில் கணக்காளர்.

எங்கள் கம்பளைக்குப் பக்கத்து உலப்பனையில்தான் 1989 நவம்பரில் விஜேவீரவைப் பிடித்தார்கள். தோட்ட பங்களாவில், வேறு பெயரில், பெரிய மனிதர் போல இருந்தாராம். வாப்பா அதை அடிக்கடி சொல்வார். பங்களாவில் இருந்தவரைக் கடைசி வரை யாரும் சந்தேகப்படவில்லை.


மஸ்கெலியாக் கடைப்பையன் | செவ்வாய் இரவு 10.45

நான் அதிகம் படித்தவன் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்போடு நின்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனேன். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டு. அதற்கு அடுத்த கிழமை, கடைக்கு மேலே நாங்கள் படுக்கிற அறையைச் சுற்றிவளைத்தார்கள். ஆறு பேர் இருந்தோம், நாலு பேர் தோட்டத்துப் பிள்ளைகள். அடையாள அட்டையில் மஸ்கெலியா. சிங்களம் சரியாகப் பேச வராது. எதற்கு வந்தாய், யார் அனுப்பினது என்று கேட்டார்கள். முதலாளி அனுப்பினார், சேலை மடிக்க என்றேன்.

பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பதினான்கு மாதம் உள்ளே. வழக்கே போடவில்லை. எந்தப் பொலிஸ், எந்தச் சிறை என்று எழுத விரும்பவில்லை. அம்மா மாதம் ஒரு தடவை சம்பளம் எடுத்த அடுத்த நாள் பஸ் ஏறி வருவார். கொண்டுவந்த ரொட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அங்கே ஒரு அதிகாரி ஒரு நாள் கொஞ்சம் நல்லவிதமாகப் பேசினார். "நீங்கள் ஏழைகள், படிக்காதவர்கள், அதனால் உங்களைப் புலி காசு கொடுத்து வாங்கிவிடும்" என்றார். அவர் அதை இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

தம்பி, உங்கள் படிவத்தில் இருப்பது அதே பேச்சு.

நான் வெளியே வந்த பிறகும் தோட்டத்தில் என்னைப் பார்த்தால் ஒதுங்கினார்கள். தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளை வீடு இரண்டு தடவை திரும்பிப் போனது. 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ முகாமில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளை ஊர் கூடி அடித்துக் கொன்றபோது நான் வீட்டில்தான் இருந்தேன். பத்து நாள் வெளியே இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகளை அங்கே வைத்திருந்தது புனர்வாழ்வுக்காம்.

உங்கள் படிவத்தில் டிவிசனின் பெயர் இருக்கும். 34 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால், அந்தப் பட்டியலுக்கு மேலே என்ன தலைப்பு இருக்கிறது என்றும் பாருங்கள்.


பொகவந்தலாவை மாலைவகுப்பு | செவ்வாய் இரவு 11.30

அண்ணே, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பின்னிணைப்பு 2இல் பெயர், வயது, முகவரி, பெற்றோர் தொழில் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். தலைப்பு: "ஆபத்துக்கு உட்பட்ட பயனாளிகள்."


ஊவாக் காற்று | புதன் காலை 8.20

மஸ்கெலியா அண்ணனுக்கு நடந்ததற்கு என்னிடம் வார்த்தை இல்லை. ஞாயிறு நான் எழுதினது அவசரப்பட்டு எழுதினது. பெயர்ப் பட்டியலை நான் யோசிக்கவே இல்லை. பல இடங்களில் நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை என்பதை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். ஏன் எடுக்கவில்லை? அப்போது படிக்கவில்லை என்பதால்தானா? அப்படியென்றால் இப்போது படிக்கிற பிள்ளைகள்? ஒவ்வொரு லயத்திலும் உயர்தரம் படித்த ஒருவர் இருக்கிறார், கையில் போன் இருக்கிறது, தாத்தா இருந்த அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் படுக்கிறார். ஐயா சொன்ன 1971 நிலைமைக்கு நாம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கல்வி கொடுத்தால் ஆபத்து என்று சொல்லப் போகிறோமா?


பதுளை ஓய்வு ஆசிரியர் | புதன் மாலை 5.00

நல்ல கேள்வி. நழுவாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், நம் பிள்ளைகள் யாரும் போகவில்லை என்பது சரியில்லை. போனார்கள். ஈரோஸ் போன்ற தமிழ் ஆயுத இயக்கங்கள் மலையகத்தையும் தங்கள் ஈழத்தோடு சேர்த்துப் பேசின, இங்கே ஆள் சேர்த்தன. ஆனால் ஒரு சமூகமாக நாம் அந்த வழியில் போகவில்லை. அதற்குப் படிப்பில்லாதது காரணம் என்று நான் நினைக்கவில்லை.

1948இல் நம் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டார்கள். மிச்சம் 150,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு மனிதனை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? கோபம் இல்லாமல் இல்லை. 1940இல் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுடப்பட்டார். 1977இல் டெவன் தோட்டத்தில் நிலத்தைக் காப்பாற்றப் போன சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். ஆனால் கோபத்தை எடுத்துக்கொண்டு போக நமக்கு இடம் இருந்தது. தொழிற்சங்கம். பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்) நின்று வேலைக்கு இறங்க மாட்டோம் என்று சொன்னால் கொழும்பில் துறைமுகம் வரை உறைக்கும். தேயிலைதான் நாட்டின் காசு. 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை என்று உட்கார்ந்தோம், வேலை நின்றது, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தருவதாக அரசாங்கம் ஒத்துக்கொண்டது. 1988இலும் 2003இலும் சட்டம் வந்தது. சங்கத் தலைமைகளில் குறை சொல்ல எனக்கு நிறைய உண்டு, அதை வேறு நாளில் பேசலாம். கைகட்டி உட்கார்ந்து ஒன்றை வாங்கினோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பையனுக்கு அந்த இடம் மூடப்பட்டது. அவனுடைய அப்பா சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார், பாராளுமன்றத்தில் பேசிக் களைத்தார். மகன் வேறு பக்கம் திரும்பினான்.

பயமும் ஒரு காரணம், அதை மறைக்கக்கூடாது. நான்கு பக்கமும் நாட்டுக் கிராமம், நடுவில் லயம், ஓட ஒரு வழி. 77, 81, 83 என்று மாறி மாறி அடி விழுந்தது. எதிர்த்து ஒரு கல் எறிந்தாலும் விடியும்போது லயம் இருக்காது என்று தெரியும்.

இப்போது படிக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகக் கறுப்புச் சட்டையோடு கூடினது யார்? கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிற, படித்த நம் பிள்ளைகள்தான். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, நம் முன்னோர் நடந்து வந்த அதே பாதையில் நடந்தவர்களில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பட்டதாரிகள். நானும் கடைசி இரண்டு நாள் நடந்தேன், முழங்கால் விட்டுவிட்டது. கேட்க ஆள் இருக்கும்வரை படித்த பிள்ளை பேசத்தான் செய்வான். கேட்கிற ஆள் எழுந்து போய்விடக்கூடாது, அவ்வளவுதான் என் பயம்.


கிளிநொச்சிப் புசல்லாவைக்காரி | புதன் இரவு 10.05

ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிரட்டுக்களம் என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார். அந்தச் சொல்லை இங்கே யாரும் சொல்வதில்லை.

மாலைவகுப்புத் தம்பி, ஒன்று சொல்லட்டுமா. உங்கள் பிள்ளைகள் குண்டு வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவர் கணக்கு டீச்சர் அனுப்பினால், அந்தப் பயம் போனதும் டீச்சரும் போய்விடுவார். என் அண்ணனுக்கு இரட்டைக் கணிதம் பிடித்தது, அதனால் படித்தான். அதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு?


பொகவந்தலாவை மாலைவகுப்பு | வெள்ளி மாலை 6.15

படிவத்தை இன்று அனுப்பிவிட்டேன். நேற்று இரவு குழுவில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். முதல் வரைவை எழுதின தம்பி, இந்த இழை முழுவதையும் வாசித்துவிட்டு, தானே அந்த வரிகளை அடித்தான். நான்காவது கேள்விக்கு இப்படி எழுதினோம்:

"எங்கள் பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் இழுபடுகிறார்கள் என்பதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. இந்த நாட்டில் ஆயுதம் எடுத்த பல இயக்கங்களைத் தொடங்கியவர்கள் படித்தவர்கள். மிக வறிய தோட்டத் தொழிலாளர் சமூகம் தன் உரிமைகளைப் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தாலும் சத்தியாக்கிரகத்தாலும் கேட்டது. எங்கள் வகுப்பில் 34 பேருக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பது போல இவர்களுக்கும் ஆசிரியர் வேண்டும். அதற்காகவே உதவி கேட்கிறோம்."

பின்னிணைப்பு 2இல் பெயர்கள் போடவில்லை. தரம் வாரியாக எண்ணிக்கை மட்டும் போட்டோம். தலைப்பை "மாணவர்கள்" என்று திருத்தினோம்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு, காசு தருவானா?" என்றார். தெரியாது அம்மா என்றேன்.


ஊவாக் காற்று | வெள்ளி இரவு 7.40

தராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி இல்லாத இரண்டு படிவம் என்னிடம் இருக்கிறது. தொகை குறைவு, ஆனால் போக்குவரத்துக்குக் காணும். நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்.


கம்பளை மிளகுக்கடை | வெள்ளி இரவு 8.05

அதுவரைக்கும் ஹட்டன் சேரின் மூன்று மாத பஸ் செலவு என் பொறுப்பு. தம்பி மறுக்கக்கூடாது.


கிளிநொச்சிப் புசல்லாவைக்காரி | வெள்ளி இரவு 9.30

அண்ணனின் கணிதப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. இடம்பெயரும்போது பாதி தொலைந்தது, மிச்சத்தை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார். பாடத்திட்டம் மாறியிருக்கும். ஆனால் வடிவியல் மாறாது என்று நினைக்கிறேன். ஓரத்தில் அவன் பென்சிலால் செய்து பார்த்த கணக்குகள் இருக்கும், அழிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்த முகவரிக்கு அனுப்ப?


பொகவந்தலாவை மாலைவகுப்பு | வெள்ளி இரவு 9.42

தனிமடலில் அனுப்புகிறேன் அக்கா.